“10 மெகாஹெர்ட்ஸ், 20 வோல்ட்” ஆம்ப்ளிஃபையர் மாட்யூல்: பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

சிக்னல் ஜெனரேட்டரின் (சோதனைக்கு வேண்டிய மின் அலைகளை உருவாக்கும் கருவி) அவுட்புட் வோல்டேஜைக் கூட்ட ஆயத்த மாட்யூல் தேடுகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். பல விற்பனையாளர்கள் கடை விரித்திருக்கும் ஒரு பெரிய ஆன்லைன் தளத்தில் நான் வாங்கிய மாட்யூல் முழு மோசடி. ஒரு புது ஜெனரேட்டரே வாங்கியிருக்கலாம், அவ்வளவு பணம். மொத்தமும் போச்சு.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: டிசி (பூஜ்ஜிய அதிர்வெண்) முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரை, 10 மடங்கு கெயின் (வோல்டேஜ் பெருக்கம்), 20 வோல்ட் பீக்-டு-பீக் (மேல் உச்சியிலிருந்து கீழ் உச்சி வரை, அதாவது உச்சம் 10 வோல்ட்), சிப் டிஎச்எஸ்3091. நம்ப வைத்ததே அந்தச் சிப்பின் பெயர்தான். சைன் அலைக்கு வேண்டிய ஸ்லூ ரேட் (அவுட்புட் வோல்டேஜ் மாறக்கூடிய வேகம்) = 2π × அதிர்வெண் × உச்ச வோல்டேஜ். 10 மெகாஹெர்ட்ஸில் 10 வோல்ட் உச்சத்துக்கு மைக்ரோசெகண்டுக்கு 628 வோல்ட் வேண்டும். டிஎச்எஸ்3091 டேட்டாஷீட்டில் 7300. தாராளம். கூடவே வழவழப்பான 20 வோல்ட் சைன் அலையோடு ஓர் ஆஸிலோஸ்கோப் (அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) படம். டைம்பேஸ் (திரையில் ஒரு கட்டம் எவ்வளவு நேரம் என்ற அளவு) தெரியும் ஓரத்தை மட்டும் நறுக்கிவிட்டுப் போட்டிருக்கிறார்கள், அதனால் அலையின் அதிர்வெண் தெரியாது, பாவிகள்!

வந்ததைச் சோதித்தால், ±15 வோல்ட் சப்ளையில் 100 கிலோஹெர்ட்ஸ் வரை சுத்தமான சைன் வருகிறது. 200-ஐத் தாண்டியதும் முக்கோணமாகிறது. 1 மெகாஹெர்ட்ஸில் 6 வோல்ட்டைக்கூட எட்டவில்லை. சதுர அலை கொடுத்து ஏறும் விளிம்பின் சரிவை அளந்தால் மைக்ரோசெகண்டுக்குச் சுமார் 13 வோல்ட். அது டிஎல்081 வகை என்ற மெதுவான சிப்பின் வேகம். அதற்கும் டிஎச்எஸ்3091-க்கும் இன்புட், அவுட்புட், சப்ளை பின்கள் ஒரே இடத்தில் என்பதால், மேலே இருந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு வேறு பெயர் அடித்தால் போதும், போர்டை மாற்றவே வேண்டாம். அவுட்புட்டில் 50 ஓம் லோடு (சுமை) வைத்ததும் 10 கிலோஹெர்ட்ஸிலேயே அலையின் தலை வெட்டுப்படுகிறது, ஏனென்றால் இந்த வகைச் சிப் சில பத்து மில்லிஆம்ப்பியருக்கு மேல் தராது. ஃபீட்பேக் ரெசிஸ்டரோ (அவுட்புட்டை இன்புட்டுக்குத் திருப்பும் ரெசிஸ்டர்) 10 கிலோஓம்! டிஎச்எஸ்3091 போன்ற கரண்ட் ஃபீட்பேக் சிப்பில் பேண்ட்விட்த்தை (எந்த அதிர்வெண் வரை வேலை செய்யும் என்பதை) தீர்மானிப்பதே அந்த ரெசிஸ்டர்தான், 1 கிலோஓம் அளவில் இருக்க வேண்டியது. அசல் சிப்பைப் போட்டாலும் அந்த போர்டில் அதன் முழு வேகம் வராது.

புகார் சொன்னால் முதல் பதில், “புரோப் (ஸ்கோப்பின் அளவெடுக்கும் முனை) சரியில்லை.” 10எக்ஸ் புரோப், காம்பன்சேஷன் (புரோப்பை ஸ்கோப்புக்கு ஏற்பச் சரிசெய்வது) சரிபார்த்தது என்று படத்தோடு அனுப்பினால், “லோடைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.” லோடு இல்லாமல் எடுத்த அளவுகளையும் அனுப்பினால், “10 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்விட்த் வேறு, 20 வோல்ட் வேறு, இரண்டும் சேர்ந்து வரும் என்று நாங்கள் சொல்லவில்லை.” கடைசியில், “வயர் சோல்டர் செய்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்.” தளத்தில் முறையிட்டால், பொருள் வந்து சேர்ந்துவிட்டது, புகார் முடிந்தது என்று தானியங்கிப் பதில். ஒரு ஜெனரேட்டரின் விலை, ஒரு பைசா திரும்பவில்லை.

தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. இவ்வளவு மட்டும்:

முழு வோல்டேஜில், 50 ஓம் லோடில், உச்ச அதிர்வெண்ணில் எடுத்த ஸ்கோப் படம் கேளுங்கள். டைம்பேஸ் தெரிய வேண்டும். தராவிட்டால் வேண்டாம்.

“20 வோல்ட்” என்பது லோடு இல்லாமலா என்று எழுத்தில் வாங்குங்கள். 50 ஓம் சீரிஸ் ரெசிஸ்டர் இருந்தால் 50 ஓம் லோடில் பாதிதான் கிடைக்கும்.

சோல்டர் வைக்கும் முன் கிளிப் போட்டுச் சதுர அலையில் சோதியுங்கள். சிப்பை அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் மட்டும் வாங்குங்கள்.