கிளவுட் சேவைகளுக்குக் கொடுத்த அனுமதியைக் கட்டிப்போடுவது: சில ஆண்டுப் புழக்கத்துக்குப் பின்

சிங்கப்பூரில் நிதித்துறைக்கு மென்பொருள் செய்து தரும் நிறுவனம் ஒன்றில் கிளவுட் வேலை பார்க்கிறேன். எங்கள் கணக்குகள் எல்லாம் அமேசானின் கிளவுட் தளமான ஏடபிள்யூஎஸ்ஸில். ஏடபிள்யூஎஸ்ஸின் ஒரு சேவைக்கு அனுமதி கொடுக்கும் பாலிசி (அனுமதி விதி) எதுவானாலும் அதில் சோர்ஸ்ஆர்ன், சோர்ஸ்அக்கவுண்ட் நிபந்தனைகளைச் சேர்ப்பது சில ஆண்டுகளாக எங்கள் வழக்கம். சேவை எந்தப் பொருளுக்காக வருகிறது என்று முன்னது பார்க்கும், எந்தக் கணக்குக்காக வருகிறது என்று பின்னது பார்க்கும்.

கிளவுட்ரெயிலையே எடுத்துக்கொள்வோம். கணக்கில் யார் என்ன செய்தார்கள் என்ற பதிவை அது எஸ்3 என்ற சேமிப்புச் சேவையில் ஒரு பக்கெட்டில் (கோப்புகளைப் போட்டுவைக்கும் இடம்) எழுதும். அதற்காக ‘கிளவுட்ரெயில் இங்கே எழுதலாம்’ என்று பாலிசி போடுகிறோம். ஆனால் அந்தச் சேவைக்கு எல்லா வாடிக்கையாளர்களிடமும் ஒரே பெயர்தான். எங்களுக்காக வந்தாலும், முன்பின் தெரியாத ஒருவருக்காக வந்தாலும் வாசலில் சொல்லும் பெயர் ஒன்றே. எங்கள் பக்கெட்டில் நேரடியாக எழுத வழியில்லாத ஆள், சேவையை ஏவி எழுதவைத்துவிடலாம். 1988இல் நார்ம் ஹார்டி இதற்கு ‘கன்ஃபியூஸ்டு டெபுட்டி’ (குழம்பிப்போன பிரதிநிதி) என்று பெயர் வைத்தார். அவர் சொன்ன கதையில் ஒரு கம்பைலருக்கு (நிரலை மொழிமாற்றும் மென்பொருள்) பில்லிங் கோப்பில் எழுத உரிமை இருந்தது. வெளியீட்டை எங்கே எழுத வேண்டும் என்று கேட்டபோது ஒரு பயனர் அந்த பில்லிங் கோப்பின் பெயரையே கொடுத்தார். கம்பைலர் தன் உரிமையில் போய் அதன் மேலேயே எழுதிவிட்டது.

பழங்கதை என்று தள்ள முடியாது. 2021இல் விஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கிளவுட்ரெயில், கான்ஃபிக் உள்ளிட்ட சேவைகளில் இதே ஓட்டையை பிளாக் ஹாட் பாதுகாப்பு மாநாட்டில் காட்டினார்கள். 2022இல் டேட்டாடாக் ஆய்வாளர்கள் ஏடபிள்யூஎஸ்ஸின் ஆப்சிங்க் சேவையில் இதே போன்ற ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்; அது ஏடபிள்யூஎஸ் தரப்பிலேயே சரிசெய்யப்பட்டது. முன்னதில் வாடிக்கையாளரும் தன் பாலிசியில் நிபந்தனை போட்டாக வேண்டியிருந்தது.

புழக்கத்தில் எப்படி? சோர்ஸ்அக்கவுண்ட் தொல்லையே தராது. நம் கணக்கு எண்ணை எழுதினால் முடிந்தது. ஒரே ஒரு எச்சரிக்கை: 12 இலக்க எண் சுழியத்தில் தொடங்கினால் யாமல் (அமைப்புகளை எழுதும் வடிவம்) கோப்பில் மேற்கோள் குறிக்குள் போடுங்கள், இல்லாவிட்டால் அது வெறும் எண்ணாகப் படிக்கப்பட்டு உருமாறிவிடலாம்.

சோர்ஸ்ஆர்ன் அப்படியல்ல. எந்தப் பதிவுக் கோவை (ரெயில்), எந்தச் செய்தித் தலைப்பு (டாபிக்) என்று ‘ஆர்ன்’ எனப்படும் முழு முகவரியும் கேட்கும். முகவரி அந்தப் பொருளை உருவாக்கிய பிறகுதான் தெரியும். பொருளை உருவாக்கவோ பாலிசி முதலில் இருக்க வேண்டும். கோழியா முட்டையா கதைதான். பெயரை நாமே வைக்கும் பொருள் என்றால் முகவரியை முன்கூட்டியே எழுதிவிடலாம். தானாக எண் விழும் பொருள்களுக்கு, முகவரியை ஓரளவு ஒப்பிடும் ஆர்ன்லைக் போட்டு, கணக்கு எண் வரை தெளிவாக எழுதி, கடைசிப் பகுதிக்கு மட்டும் நட்சத்திரக் குறி விடுகிறோம்.

எஸ்3தான் விதிவிலக்கு. பக்கெட்டின் முகவரியில் கணக்கு எண்ணே கிடையாது. பக்கெட்டில் கோப்பு விழுந்ததும் எஸ்க்யூஎஸ் என்ற சேவையின் செய்தி வரிசைக்குத் தகவல் போகிற அமைப்பு ஒன்றை எழுதிக்கொண்டிருந்தபோது, குழுவில் புதிதாகச் சேர்ந்த ஜொகூர் தம்பி கேட்டான்:

“அண்ணே, பக்கெட் பேரே உலகத்துல ஒண்ணுதானே? அப்புறம் எதுக்கு அக்கவுண்ட் நம்பரும்?”

“இன்னிக்கு அது நம்ம பேரு தம்பி. நாளைக்கு பக்கெட்டை அழிச்சிட்டா வேற யாராவது அந்தப் பேரை எடுத்துக்கலாம். வரிசையில நம்ம பாலிசி அப்படியே நிக்கும்.”

அதனால் எஸ்3 என்றால் இரண்டு நிபந்தனையும் கட்டாயம்.

வெளி நிறுவனங்கள் எங்கள் கணக்குக்குள் வருவதற்காகக் கொடுக்கும் ரோலில் (அனுமதிப் பாத்திரம்) எக்ஸ்டர்னல் ஐடி என்ற அடையாளச் சொல் வேறொன்று உண்டு. அதை வழங்க வேண்டியது அந்த நிறுவனம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் வேறாக இருக்க வேண்டும். கண்காணிப்புச் சேவை விற்கும் ஒரு நிறுவனத்தின் திரையில் அந்த இடம் காலியாக இருந்தது, எதை வேண்டுமானாலும் தட்டலாம். கேட்டதற்கு, கடினமான கடவுச்சொல்லாகப் போடுங்கள் என்று பதில் வந்தது. அது ரகசியமே அல்ல. அதே ஐடியை இன்னொரு வாடிக்கையாளரும் போட்டு எங்கள் ரோல் முகவரியைக் கொடுத்தால் அந்தச் சேவை எங்கள் கதவைத் திறந்துவிடும். ஒப்பந்தம் போடவில்லை.

இங்கே தணிக்கையாளர்கள் இதையெல்லாம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். சிங்கப்பூர் நாணய ஆணையம் 2021 ஜனவரியில் புதுப்பித்த தொழில்நுட்ப இடர் வழிகாட்டி, தேவைக்கு மேல் அனுமதி தராதே என்கிறது. பாலிசிகளைச் சோதிக்கும் ஏடபிள்யூஎஸ் கருவியான ஐஏஎம் அக்சஸ் அனலைசரும் நிபந்தனை இல்லாத சேவை அனுமதியைச் சுட்டிக்காட்டும், தணிக்கைக்கு முன் ஓட்டிப் பார்க்கலாம்.

கணக்குகள் பெருகியபோது எண்களைப் பட்டியலிட்டே கை ஓய்ந்தது. 2023 நவம்பரில் வந்த சோர்ஸ்ஆர்க்ஐடி நிபந்தனை அந்தப் பாட்டைத் தீர்த்தது: எங்கள் கணக்குகள் எல்லாம் சேர்ந்த அமைப்பின் (ஆர்கனைசேஷன்) அடையாளம் ஒன்று போதும். மறு ஆண்டு நவம்பரில் ஆர்சிபி (அமைப்பின் எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவாகப் போடும் பாலிசி) வந்ததும், எஸ்3, குறியாக்கச் சாவிகளுக்கான கேஎம்எஸ், எஸ்க்யூஎஸ் போன்றவற்றுக்கு மேலிருந்தே ஒரு மறுப்பு போட முடிந்தது. அழைப்பது ஏடபிள்யூஎஸ் சேவையாக இருந்து, அது எங்கள் அமைப்புக்காக வராவிட்டால் அனுமதி இல்லை. சில அழைப்புகள் மூலக் கணக்கைச் சொல்லாமலே வரும் என்பதால், சோர்ஸ்அக்கவுண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் ‘நல்’ நிபந்தனையையும் சேர்க்க வேண்டும். அதை விட்டால் நியாயமான வேலைகளும் நின்றுபோகும். அமைப்பின் தலைமைக் கணக்கான மேனேஜ்மென்ட் கணக்கில் இருக்கும் பொருள்களுக்கு மட்டும் ஆர்சிபி செல்லாது. அங்கே இன்னும் ஒவ்வொரு பாலிசியிலும் கையால்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.