திருகோணமலையில் ஒரு ‘முழங்கால் பரிசோதனைப் பொதி’: கொடுத்த பணத்துக்கு என்ன கிடைக்கிறது?

திருகோணமலை நகரில் தனியார் ஆய்வுகூடம் ஒன்று வழங்கும் ‘முழங்கால் மூட்டுத் தேய்வுப் பொதி’ என்னும் இரத்தப் பரிசோதனைத் தொகுப்பை, உப்புவெளியில் வசிக்கும் என் பெரியம்மாவுக்காக அண்மையில் பெற்றுக்கொண்டோம். 68 வயதான அவருக்குப் படியிறங்கும்போது வலது முழங்கால் வலிக்கும். காலையில் எழுந்ததும் சிறிது நேரம் மடக்க முடியாமல் விறைத்திருக்கும். தேய்வின் அளவை இரத்தத்திலேயே கண்டுகொள்ளலாம் என்று அவ்விடத்தின் விளம்பரத் தாள் கூறியதை நம்பி, ஐந்து இலக்கத் தொகை ஒன்றைச் செலுத்தினோம்.

பணியாளர்களைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். பெரியம்மாவின் நாளம் இலகுவில் அகப்படாது. மாவட்டத்தில் பல இடங்களில் குத்து வாங்கிப் பழகியவர் அவர். இங்கு இரத்தம் எடுத்த பெண்பிள்ளை அவசரப்படாமல் இரு கைகளையும் தடவிப் பார்த்து, புறங்கையில் ஒரே தடவையில் எடுத்து முடித்து, “கொஞ்ச நேரம் அமத்திப் பிடிச்சிருங்கோ அம்மா” என்று பஞ்சை வைத்துவிட்டே அடுத்தவரை அழைத்தார். இடம் சுத்தமாக இருந்தது, அறிக்கையும் சொன்ன நாளில் கிடைத்தது. ஆனால் முழங்கால் நோயாளருக்கென விளம்பரம் செய்யும் ஆய்வுகூடம் மாடியில் இருக்கிறது, மின்தூக்கி கிடையாது.

பொதியின் உள்ளடக்கம்தான் கேள்விக்குரியது. அதில் இ.எஸ்.ஆர், சி.ஆர்.பி, யூரிக் அமிலம், றூமற்றொயிட் ஃபக்டர், கல்சியம், விற்றமின் டி, சி.ரி.எக்ஸ் ஆகியவை அடங்கும். இவற்றுள் முதல் நான்கும் தேய்வை அளப்பவை அல்ல; வேறு மூட்டு நோய்களைத் தேடுபவை. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆரும் சி.ஆர்.பியும் மூட்டுத் தேய்வில் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். முடக்குவாதத்தைத் தேடும் றூமற்றொயிட் ஃபக்டரோ, அந்நோயே இல்லாத முதியவர்கள் சிலரிலும் கூடுதலாகக் காணப்படுவதால், அதன் அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு அதைச் செய்வது வீண் பயத்தைத்தான் உண்டாக்கும்.

விலையை ஏற்றுவது சி.ரி.எக்ஸ். விளம்பரத் தாளில் ‘மூட்டுத் தேய்வின் உயிர்க்குறிகாட்டி’ என்று தடித்த எழுத்தில் இருப்பதும் அதுவே. சி.ரி.எக்ஸ் என்பது கொலாஜன் என்னும் புரதம் சிதையும்போது வெளியேறும் துணுக்கு. அந்தப் புரதத்தில் பல வகைகள் உண்டு. எலும்பில் இருப்பது பெரும்பாலும் முதலாம் வகை. மூட்டுக்குள் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் கசியிழையத்தில், அதாவது குருத்தெலும்பில், இருப்பது பெரும்பாலும் இரண்டாம் வகை. முழங்கால் தேய்வு பற்றிய ஆய்வுகளில் அதிகம் பேசப்படும் சி.ரி.எக்ஸ்-2, இந்த இரண்டாம் வகை சிதையும்போது வெளியேறும் துணுக்கு. அது வழமையாகச் சிறுநீரில் அளக்கப்பட்டு, அதிலுள்ள கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவுக்கு ஏற்பத் திருத்தப்படும். எங்களிடம் சிறுநீரே கேட்கவில்லை. அறிக்கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, சோதனையின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘பீட்டா குரொஸ்லப்ஸ், சீரம்’ என்றிருந்தது. அது முதலாம் வகைக்குரியது. எலும்பு எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதைக் காட்டும் அந்தச் சோதனை, எலும்பு நலிவு நோய்க்கு மருந்து எடுப்பவரைக் கண்காணிக்க உதவும் நல்ல சோதனைதான். ஆனால் பெரியம்மாவின் கசியிழையத்தைப் பற்றி அது எதையும் கூறாது. முகப்பில் கேட்டபோது, “எல்லாம் மூட்டுக்குத்தான்” என்ற பதிலே கிடைத்தது.

சரியான சி.ரி.எக்ஸ்-2 செய்யப்பட்டிருந்தாலும் விளம்பரம் சொன்ன பயன் கிடைத்திராது. முள்ளந்தண்டு, இடுப்பு, விரல் என்று எந்த மூட்டிலிருந்து வந்தாலும் துணுக்கு ஒன்றே. மாதவிடாய் நின்ற பெண்களில் அதன் அளவு பொதுவாகவே உயர்ந்திருக்கும். அமெரிக்காவில் 45 முதல் 79 வயது வரையான 4,796 பேரைத் தொடர்ந்து கவனித்த பெரும் ஆய்விலிருந்து 600 பேரைத் தெரிவுசெய்து, இத்தகைய பல குறிகாட்டிகளை அளந்து பார்த்தார்கள். கூட்டமாக நோக்கும்போது, சி.ரி.எக்ஸ்-2 உட்படச் சிலவற்றுக்கும் நோய் முற்றுவதற்கும் தொடர்பு தெரிந்தது. ஆனால் தனி ஒருவரின் முழங்கால் எப்படிப் போகும் என்று சொல்லும் கூர்மை அவற்றுக்கு இருக்கவில்லை. ‘கொம்ப்’ எனப்படும் இன்னொரு கசியிழையப் புரதத்தின் அளவு நடைக்குப் பிறகு உயரக்கூடியது என்பதால், மாடியேறி வந்தவரை உடனே கதிரையில் இருத்தி ஊசி போடும் இடத்தில் அந்தச் சோதனை இல்லாதிருப்பது ஒருவகையில் நல்லதே. புதிய மருந்துகளைப் பரீட்சிக்கும் ஆய்வாளருக்கு இவையெல்லாம் பெறுமதியான கருவிகள். கன்னியா வெந்நீரூற்றில் குளித்தால் கால் இலேசாகிறது என்று சொல்லும் எங்கள் ஊர் மூத்தவர்களுக்கு இவற்றால் இப்போதைக்கு ஆவது ஒன்றுமில்லை. வெந்நீராவது வலியைச் சற்றுத் தணிக்கும்.

பின்னர் நாங்கள் பார்த்த வைத்தியர், அறிக்கையை ஒருமுறை புரட்டிவிட்டு ஓரமாக வைத்தார். முழங்காலில் உள்ளங்கையை வைத்து, காலை மடக்கி நீட்டச் சொல்லி, உள்ளே நெறுநெறுப்பதை எங்களையும் தொட்டுப் பார்க்க வைத்தார். 45 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு நடமாடும்போது வலி இருந்து, காலைநேர விறைப்பு இல்லாமலோ அரைமணி நேரத்துக்கு மேற்படாமலோ இருந்தால், எக்ஸ்ரே படம் கூட இல்லாமல் மூட்டுத் தேய்வென்று தீர்மானிக்கலாம் என்பது, மருத்துவ வழிகாட்டல்களை வெளியிடும் பிரித்தானிய நைஸ் நிறுவனத்தின் வழிகாட்டல். தேய்வின் தரத்தை அறிவதற்காக நின்ற நிலையில் ஓர் எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. எக்ஸ்ரேயில் தெரியும் தேய்வைத் தரப்படுத்தும், 1957 இல் வெளியான கெல்கிரென்-லோரன்ஸ் அளவுகோல் 0 முதல் கடுமையான 4 வரை செல்வது, பெரியம்மாவுக்கு 3. தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் எடைக் குறைப்பும் அறிவுறுத்தப்பட்டன. பொதியின் எந்த எண்ணும் இந்தத் தீர்மானங்களை மாற்றவில்லை.

ஆகவே, இரத்தம் எடுக்கும் சேவைக்காக இந்த ஆய்வுகூடத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இந்தப் பொதியைப் பரிந்துரைக்க மாட்டேன். காலைநேர விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிப்பவர்களும், கை விரல் மூட்டுகள் வீங்கியவர்களும் வைத்தியரின் துண்டோடு சென்று, சி.ஆர்.பி போன்ற தேவையானவற்றை மட்டும் தனித்தனியாகச் செய்துகொள்ளலாம். கேட்டால் அவ்வாறு பிரித்துச் செய்கிறார்கள். முழங்கால் திடீரெனச் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் எந்தப் பொதிக்கும் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். நிர்வாகத்தினர் சி.ரி.எக்ஸ் சோதனையை முழங்கால் பொதியிலிருந்து நீக்கி எலும்பு நலிவுப் பிரிவில் சேர்ப்பதும், இரத்தம் எடுக்கும் கதிரை ஒன்றையாவது கீழ்த்தளத்தில் போடுவதும் அதிக செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.