கொழும்பு மாநகர சபையின் சோலை வரிச் சேவை: பாவனையாளர் பார்வையில்

சோலை வரி என்பது வீடு, காணிக்கு மாநகர சபை அறவிடும் வரி. பணம் வாங்கும் விஷயத்தில் இந்தச் சேவை நல்லது. தொகை எப்படி வந்தது என்று விளங்க வைப்பதில் சுமார்தான். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீடு வைத்திருப்பவர்கள் வரி அறிவித்தல் துண்டில் இருக்கும் பெறுமதித் தொகையைப் பார்த்து, "எங்கட வீட்டின்ர பெறுமதி இவ்வளவுதானா?" என்று கேட்பது இதனால்தான்.

துண்டில் இருப்பது ஆண்டுப் பெறுமதி. மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி, வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்துக்கு நியாயமாக எவ்வளவு வரும் என்பதே அது. வரிகளை வாடகைக்காரர் கட்டுவார், திருத்த வேலைச் செலவை வீட்டுக்காரர் ஏற்பார் என்று வைத்துத்தான் அந்த வாடகையைக் கணிக்கிறார்கள். காணி ஒரு பேர்ச் என்ன விலை போகிறது என்பது இந்தக் கணக்கில் நேரடியாக வராது. அதோடு, முந்திய வருட மதிப்பீட்டையே அடுத்த வருடத்துக்கும் ஏற்றுக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால் சந்தை விலை எகிறும்போது துண்டிலுள்ள தொகை பின்தங்கியே நிற்கும். பிறகு மீள்மதிப்பீடு வந்தால் ஒரேயடியாகக் கூடும்.

உதாரணத்துக்கு ஆண்டுப் பெறுமதி 60,000 ரூபா, வரி வீதம் 20 என்று வைப்போம். வருடத்துக்கு 12,000, காலாண்டுக்கு 3,000. முழுத் தொகையையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதக் கழிவு, அதாவது 1,200 ரூபா மிச்சம். காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டிவந்தால் 5 வீதம். நாலு தவணைக்கும் சேர்த்து 600தான் மிஞ்சும். கையில் காசு இருந்தால் ஜனவரியிலேயே முடித்துவிடுவது புத்தி. பழைய நிலுவை இருந்தால் முதலில் அதைத் தீர்க்க வேண்டும்.

ஆண்டுப் பெறுமதி கூடிப்போச்சு என்று போடும் ஆட்சேபனையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அறிவித்தலில் குறித்த திகதிக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். "இந்த வீட்டை இவ்வளவுக்கு வாங்க ஆளில்லை" என்று எழுதிப் பிரயோசனம் இல்லை, கேள்வி வாடகையைப் பற்றியது. அதே ஒழுங்கையில் அதே அளவான வீடுகளின் வாடகை உடன்படிக்கைப் பிரதிகளே பலமான ஆதாரம். அடுத்தது, பதிவிலுள்ள பிழைகள்: இடித்த பின்கட்டு இன்னும் கணக்கில் இருக்கிறதா, சதுர அடி சரியா, குடியிருப்பு வியாபார இடமாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம், ஏனென்றால் பாவனையைப் பொறுத்து வரி வீதம் மாறலாம். முன்னறையில் சலூனோ டியூஷன் வகுப்போ நடந்தால் கேள்வி வரும், தயாராக இருங்கள். முடிவு திருப்தி தராவிட்டால் மாவட்ட நீதிமன்றம் போகலாம். சிறு தொகைக்கு அந்தச் செலவு கட்டாது. ஆட்சேபனை போட்டோம் என்று பணம் கட்டாமல் இருக்காதீர்கள். நிலுவை ஏறினால் அதை அறவிடப் பிறப்பிக்கும் ஆணையின் செலவும் சேரும், சொத்தைக் கைப்பற்றவும் சட்டத்தில் அதிகாரம் உண்டு.

வீடு வாங்குபவர்கள் இந்தத் துண்டை வைத்து விலை பேச வேண்டாம். வங்கிக்கு அதன் மதிப்பீட்டாளர் தரும் சந்தைப் பெறுமதியும், அவசரமாக விற்றால் கிடைக்கக்கூடிய குறைந்த பெறுமதியும்தான் கணக்கு. உறுதி எழுதும்போது முத்திரைத் தீர்வையும் சந்தைப் பெறுமதிக்கே: முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். ஆனாலும் கடைசிப் பற்றுச்சீட்டைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பழைய சொந்தக்காரர் விட்ட பாக்கி ஆதனத்தோடேயே வரும்.

உறுதி முடிந்ததும் வரிப் பதிவில் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். உறுதியின் பிரதி, நில அளவை வரைபடம், கடைசிப் பற்றுச்சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு நகர மண்டபத்துக்குப் போங்கள். வரைபடத்திலுள்ள மதிப்பீட்டு இலக்கமும் (வரிப் பதிவில் வீட்டுக்குக் கொடுத்த இலக்கம்) பற்றுச்சீட்டிலுள்ளதும் ஒத்துப்போகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். காணி பிரிந்து 12, 12/1, 12/1ஏ என்று போன ஒழுங்கைகளில் இந்த இடத்தில்தான் கோப்பு நிற்கும்.