கரண்ட் வந்த பிறகு நெட் இழுப்பது ஏன்? மூன்று சாரல் காலம் ஃபைபரும் மினி யூபிஎஸ்ஸும் ஓட்டிப் பார்த்த அனுபவம்

ஆனி பிறந்துவிட்டால் ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று இறங்கத் தொடங்கிவிடும். செங்கோட்டை, புளியரை, பண்பொழி, மேக்கரைப் பக்கம் சாரலும் காற்றும் சேர்ந்தடிக்கும் மாதங்களில் தென்னை மட்டை ஒயரில் விழுவதும் கரண்ட் போய்ப் போய் வருவதும் வழக்கம்தான். கரண்ட் வந்ததும் வைஃபை பெயர் தெரியும், பெட்டியில் விளக்கெல்லாம் பச்சையாக எரியும். ஆனால் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் எட்டோ பத்தோதான் வரும். அந்த மந்தத்தைப் பற்றித்தான் இந்தப் பகிர்வு. பார்த்தது ஒரு ஜிபான் (ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை) ஃபைபர் இணைப்பு, 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு வைஃபை பட்டையுள்ள ஓஎன்டி (வீட்டில் மோடம் என்போமே, அதுதான்), அதற்கு ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் (கரண்ட் போனால் பேட்டரியில் ஓஎன்டியை ஓட்டும் சிறு பெட்டி), மூன்று சாரல் காலம்.

முதலில், பெட்டியின் பின்னால் ஊசித் துளைக்குள் இருக்கும் ரீசெட் பொத்தானைத் தொடவே தொடாதீர்கள். நெட் மெதுவாக இருக்கிறதென்று பலரும் செய்யும் முதல் வேலை அதுதான். அதைப் பத்து விநாடி அழுத்தினால் கம்பெனி லாகினுக்கான பிபிபிஓஇ பயனர் பெயர், கடவுச்சொல், விலேன் எண் என்று அவர்கள் எழுதி வைத்த அமைப்பெல்லாம் அழிந்துபோகும். மெதுவாக வந்துகொண்டிருந்த நெட் அடியோடு நின்றுவிடும். கம்பெனி ஆள் வந்து திரும்ப எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. ரீஸ்டார்ட் வேண்டுமென்றால் பவர் பொத்தானை அணைத்து, முப்பது விநாடி விட்டுப் போட்டால் போதும். கரண்ட் வந்த முதல் ஐந்து பத்து நிமிடம் அதுவும் வேண்டாம். ஊர் முழுக்க எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் லாகின் ஆக முட்டிமோதும் நேரம் அது. உங்கள் பழைய இணைப்பு சர்வரில் இன்னும் துண்டிக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருக்கவும் கூடும். திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டால் தாமதம்தான் கூடும்.

பத்து நிமிடம் கழித்தும் மந்தமென்றால், லேப்டாப்பை லேன் ஒயரில் நேராக ஓஎன்டியில் செருகி, வைஃபையை அணைத்துவிட்டு வேகம் பாருங்கள். இந்த ஒரு சோதனையே பாதி வேலையை முடித்துவிடும். ஒயரில் முழு வேகம் வந்தால் கோளாறு வைஃபையில் இருக்கிறது. கம்பெனிக்கு போன் போட்டுப் பிரயோஜனம் இல்லை. ஒயரிலும் மெதுவென்றால் அடாப்டர், லேன் ஒயர், ஃபைபர் என்று தேட வேண்டும்.

ஒயர்ச் சோதனையில் ஒரு பொறி உண்டு. 200 அல்லது 300 எம்பிபிஎஸ் திட்டம் வைத்திருப்பவர்களுக்கு 94க்குப் பக்கத்தில் வந்து அப்படியே நின்றால், அந்த லேன் இணைப்பு 100க்கு இறங்கிவிட்டது என்று பொருள். கம்ப்யூட்டரில் ஈத்தர்நெட் விவரத்தைத் திறந்தால் இணைப்பு வேகம் 1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று காட்டும். காரணம் இரண்டு. ஒன்று, பல ஓஎன்டிகளில் ஒரு துளைதான் கிகாபிட்; மற்றவை 100 மட்டுமே போகும். இடி வருகிறதென்று ஒயரைக் கழற்றியவர், திரும்பச் செருகும்போது துளை மாறிவிடுகிறது. மற்றொன்று ஒயரின் முனை. கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். 100க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு போதும். மீதி நான்கில் ஒன்று பச்சை பிடித்தாலோ முனையில் கம்பியை அழுத்திப் பிடித்திருக்கும் கிரிம்ப் தளர்ந்தாலோ பெட்டி எந்தப் புகாரும் சொல்லாமல் 100க்கு இறங்கிவிடும். சாரல் ஈரத்தில் சன்னலோரம் போன ஒயர்களில் இது சாதாரணம். முனையை வெட்டிப் புது ஆர்ஜே 45 (லேன் ஒயர் முனையின் பிளாஸ்டிக் பிளக்) அடித்தால் சரியாகிவிடும்.

வைஃபைதான் காரணமென்றால், பெரும்பாலும் போன் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கும். கரண்ட் வந்ததும் 2.4 பட்டை உடனே எழுந்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் 52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் (பட்டைக்குள் இருக்கும் எண்ணிட்ட பிரிவுகள்) ஒன்றைப் பிடித்திருந்தால், அங்கே ரேடார் ஏதும் இருக்கிறதா என்று குறைந்தது ஒரு நிமிடம் கேட்டுவிட்டுத்தான் ஒலிபரப்பத் தொடங்கும். அந்த ஒரு நிமிடத்துக்குள் வீட்டுப் போன், டிவி எல்லாம் 2.4இல் ஏறி உட்கார்ந்துவிடும். பிறகு 5 வந்தாலும் சில போன்கள் தாமாக மாறாது. அதற்கு மேல், தெருவிலுள்ள எல்லா ரூட்டரும் ஒரே நொடியில் எழுந்து, தானியங்கியாகச் சேனல் தேடி, ஒரே சேனலில் குவிந்துவிடுவதும் நடக்கிறது. இதற்குச் செய்து பார்த்துப் பலித்தது: உலாவியில் 192.168.1.1 திறந்து (சில பெட்டிகளில் 192.168.0.1), 5 கிகாஹெர்ட்ஸை 36, 40, 44, 48 ஆகியவற்றில் ஒன்றில் நிலையாக வைத்தல், 2.4ஐ 1, 6, 11இல் ஒன்றில், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வைத்தல். இரண்டு பட்டைக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்தல். தனிப் பெயர் இருந்தால் போன் எதில் இருக்கிறதென்று பார்த்த உடனே தெரியும்.

தமிழக-கேரள எல்லையோரத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. கரண்ட் போனதும் போன் மொபைல் டேட்டாவுக்குத் தாவும். புளியரைக்கு மேலே போனால் பல நேரம் கேரளத்து டவரைத்தான் பிடிக்கும். வைஃபை திரும்பிய பிறகும், அதில் நெட் இல்லை என்று முன்பு குறித்து வைத்த போன், வைஃபை அடையாளத்தைக் காட்டிக்கொண்டே டேட்டாவில் ஓடும். வேகம் அளக்கும்போது மொபைல் டேட்டாவைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். ஸ்பீட் டெஸ்ட் எந்த ஊர் சர்வரைத் தேர்ந்தெடுத்தது என்பதையும் பாருங்கள். ஒரு நாள் கொச்சி, ஒரு நாள் சென்னை என்று மாறினால் இரண்டு எண்ணையும் ஒப்பிட முடியாது.

இனி மினி யூபிஎஸ். கரண்ட் போனாலும் ஓஎன்டி அணையாததால் மேலே சொன்ன லாகின் நெரிசலும் பட்டை மாற்றமும் அநேகமாக இல்லாமலே போகின்றன. அந்த வகையில் கொடுத்த காசுக்கு நிறைவு. ஆனால் கரண்ட் வந்த பிறகு வரும் மந்தத்துக்கு இந்தப் பெட்டியே காரணமாவதும் உண்டு. அதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

நடப்பது இதுதான். ஓஎன்டியோடு வந்த அடாப்டர் 12 வோல்ட் 1 ஆம்பியர். இரண்டு பட்டையும் வேலை செய்யும்போது ஓஎன்டியே முக்கால் ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும். அதே அடாப்டரை யூபிஎஸ் உள்ளீட்டில் செருகினால், கரண்ட் வந்ததும் அது ஓஎன்டியையும் ஓட்ட வேண்டும், காலியான பேட்டரியையும் நிரப்ப வேண்டும். சார்ஜுக்கு இன்னும் அரை ஆம்பியரோ அதற்கு மேலோ போகும். 1 ஆம்பியர் அடாப்டர் தாங்காமல் 12 வோல்ட் 11க்கும் கீழே இறங்கும். 5 கிகாஹெர்ட்ஸ் விட்டுவிட்டு வரும், பெட்டி சில நேரம் தானே ரீஸ்டார்ட் ஆகும், அடாப்டர் தொட முடியாமல் சுடும். இரண்டு மூன்று மணி நேரத்தில் பேட்டரி நிரம்பியதும் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அதனால்தான் பலரும் கம்பெனி லைனில் கோளாறு இருந்து சரியானதாக நினைத்துக்கொள்கிறார்கள். சந்தேகமென்றால் யூபிஎஸ்ஸைக் கழற்றி, அடாப்டரை நேராக ஓஎன்டியில் செருகிப் பாருங்கள். வேகம் நிமிர்ந்தால் இதுதான் காரணம். யூபிஎஸ் உள்ளீட்டுக்கு 12 வோல்ட் 2 ஆம்பியர் அல்லது 3 ஆம்பியர் அடாப்டர் போட்டபின் இந்தத் தொல்லை அறவே இல்லை. ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், வோல்ட் மாறவே கூடாது. 9 வோல்ட் ரூட்டரில் 12ஐச் செருகினால் பெட்டி போய்விடும்.

அடாப்டர் முனையிலும் கவனம் வேண்டும். வெளி விட்டம் இரண்டிலும் 5.5 மில்லிமீட்டர்தான், உள் துளை 2.1, 2.5 என்று இரண்டு வகை. 2.1 ஊசிக்கு 2.5 முனையைச் செருகினால் உள்ளே போகும், ஆனால் லொடலொடவென்றிருக்கும். மேசையைத் தட்டினாலே பெட்டி அணைந்து எழும்.

யூபிஎஸ் இல்லாத வீட்டிலும் அடாப்டர் சந்தேகத்துக்குரியதே. அடிக்கடி ஏறி இறங்கும் வோல்ட்டேஜில் உள்ளேயிருக்கும் கெப்பாசிட்டர் உப்பிவிடும். மல்டிமீட்டரில் வெறுமனே அளந்தால் 12 காட்டும், சுமை ஏற்றினால் சரியும். அதனால் வெறும் அளவை நம்பாமல், அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியருள்ள இன்னொரு அடாப்டரை ஒரு நாள் போட்டுப் பார்ப்பதே சரியான சோதனை.

அடாப்டரும் ஒயரும் நன்றாக இருந்து லேனிலும் மெதுவென்றால், ஃபைபரைப் பார்க்க வேண்டும். இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ளலாம். கம்பெனியின் ஓஎல்டியிலிருந்து (அவர்கள் பக்கம் ஃபைபருக்குள் ஒளியை அனுப்பும் பெட்டி) வீடு வரை ஜிபான் பாதையில் கரண்ட் தேவைப்படும் கருவி எதுவும் கிடையாது. நடுவில் இருப்பது ஒளியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் மட்டுமே. ஆகவே கரண்ட் போனது ஃபைபரைக் கெடுப்பதில்லை. கரண்டைப் போக்கிய அதே மட்டைதான் ஃபைபரையும் இழுத்து மடக்கியிருக்கும். ஈபி கம்பத்திலேயே ஃபைபரும் ஓடுகிறது; மலைக்கு அந்தப் பக்கம் 2023 ஜூனில் தொடங்கிய கே-ஃபோன் (கேரள அரசின் ஃபைபர் இணையத் திட்டம்) கேபிளும் அங்கத்திய மின்வாரியமான கேஎஸ்இபி கம்பங்களில்தான் போகிறது. கொப்பு வெட்டும்போதும் ஒயர் கட்டும்போதும் ஃபைபர் ஒதுக்கப்பட்டு, எங்கோ ஓரிடத்தில் இறுக்கமாக மடங்கிவிடும்.

இதை அளக்கக் கருவி வாங்க வேண்டாம். உலாவியில் திறக்கும் ஓஎன்டி அமைப்புப் பக்கத்தில் பான் நிலை அல்லது ஆப்டிகல் தகவல் என்ற இடத்தில் ஆர்எக்ஸ் பவர் (வந்து சேரும் ஒளியின் வலு) என்று ஓர் எண் இருக்கும், மைனஸில். −15 முதல் −24 டிபிஎம் (ஒளியின் வலுவுக்கான அலகு) வரை நிம்மதி. சாதாரணமாகப் பயன்படும் பி-பிளஸ் என்ற ஒளிக்கருவி வகையில் ஓஎன்டியின் எல்லை −27. அதை நெருங்கினால் பிழைகள் கூடி, விளக்கு பச்சையாக எரியும்போதே வேகம் விழும். 3 டிபி குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. −20 இருந்தது −26 ஆனால் கால்வாசிதான் மிச்சம். இணைப்பு நன்றாக இருக்கும் நாளில் இந்த எண்ணைக் குறித்துப் பெட்டியின் மேலேயே ஒட்டி வையுங்கள். எண் விழுந்திருந்தால் முதலில் வீட்டுக்குள் பாருங்கள்: பீரோ நகர்த்தியதில் ஒயர் நசுங்கியிருக்கலாம், ஆணியில் சுற்றி மடிந்திருக்கலாம். சுருள் விட்டம் 6 சென்டிமீட்டருக்குக் குறையாமல் விட்டால் நல்லது. ஃபைபரின் பச்சை முனையை ஓஎன்டியிலிருந்து கழற்றி, பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்து ஒரே திசையில் ஒரு முறை துடைத்து, காய்ந்தபின் ‘டக்’கென்று சத்தம் வரும்வரை செருகுங்கள். வாயால் ஊதக் கூடாது, முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. அதற்கும் மாறாவிட்டால் புகார் கொடுங்கள். ‘நெட் ஸ்லோ’ என்று சொன்னால் ரீஸ்டார்ட் பண்ணுங்கள் என்பார்கள். ‘ஆர்எக்ஸ் −20 இருந்தது, இப்போது −26, லேனில் 12 எம்பிபிஎஸ்தான் வருகிறது’ என்று சொன்னால் ஏணியோடு ஆள் வருவார்.

எல்ஓஎஸ் விளக்கு சிவப்பானால் ஒளியே வரவில்லை என்று பொருள். கரண்ட் போய் நாலைந்து மணி நேரம் ஆன பிறகு அது சிவந்தால், ஓஎல்டி இருக்கும் இடத்தில் பேட்டரி தீர்ந்திருக்கலாம். அதே கம்பெனி இணைப்புள்ள பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டுப் புகார் கொடுங்கள். மின்தடைக்குத் தமிழகப் பக்கம் மின்னகம் (மின்வாரியப் புகார் மையம்) 94987 94987, கேரளப் பக்கம் 1912.

கரண்ட் வந்த அரை மணிக்குள் சிசிடிவி, போட்டோ பேக்கப், டிவி அப்டேட் எல்லாம் சேர்ந்து அப்லோடை அடைத்துக்கொண்டால் டவுன்லோடும் இழுக்கும். கேமராப் பெட்டியின் ஒயரை ஐந்து நிமிடம் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஐப்பசி இடிக்கு வேறு முன்னெச்சரிக்கை. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் கம்பத்திலிருந்து வரும் ஃபைபரோடு தாங்கு கம்பியாக இரும்பு இருக்கும். அடாப்டரும் லேன் ஒயரும் வேறு இருக்கின்றன. இடி நெருங்கும் முன்பே அடாப்டரைப் பிளக்கிலிருந்தும் லேன் ஒயர்களைப் பெட்டியிலிருந்தும் கழற்றிவிட வேண்டும். யூபிஎஸ் இருந்தால் அதன் உள்ளீட்டுப் பிளக்கையும் எடுத்துவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்துவிட்டால் ஒயர் பக்கமே போகாதீர்கள்.

கடைசியாக யூபிஎஸ் பேட்டரி. 3.7 வோல்ட்டில் 10,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் அது 37 வாட்-மணி. மாற்றத்தில் போகும் இழப்பைக் கழித்தால், 8 வாட் இழுக்கும் ஓஎன்டிக்கு மூன்றரை மணி நேரம் கிடைக்கும். லித்தியம் செல் வெப்பத்தில் சீக்கிரம் தளரும். ஓஎன்டியின் மேலேயே யூபிஎஸ்ஸை அடுக்கி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைப்பது ஆயுளைக் கூட்டும். தளர்ந்த பேட்டரி கரண்ட் இருக்கும்வரை எதையும் காட்டிக்கொடுக்காது. கரண்ட் போன நொடியில் பெட்டி அணைந்தால்தான் தெரியும். அதனால் வைகாசி கடைசியில், காற்று தொடங்கும் முன், பேட்டரி நிறைந்திருக்கும்போது பிளக்கை எடுத்துவிட்டு எத்தனை நேரம் ஓடுகிறதென்று கடிகாரம் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குக் கீழே வந்தாலோ யூபிஎஸ் பெட்டி லேசாக உப்பியிருந்தாலோ அந்தச் சாரலுக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.