வீட்டில் சோலார் கார் ஷெட்: எதில் செலவழிக்கலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம்

சோலார் பேனல்களையே கூரையாகக் கொண்ட கார் ஷெட் போட நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது பேனலைப் பற்றித்தான். எந்த நிறுவனம், எத்தனை வாட், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று விலைப்பட்டியலின் மேல் வரிகளை வரிக்கு வரி ஒப்பிடுவார்கள். கடைசியில் ஒரே வரியில் கிடக்கும் 'தாங்கும் அமைப்பு' என்பதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. பேனலைப் பத்து ஆண்டு கழித்துக் கழற்றி மாற்றலாம். பேனலின் நேர்மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரை அரை நாளில் மாற்றலாம். மண்ணுக்குள் இறங்கிய கான்கிரீட்டையும் அதில் ஊன்றிய தூணையும் மாற்றுவதென்றால் முழு ஷெட்டையும் பிரிக்க வேண்டும். ஆகவே இந்த அலசலில் தூணுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கூரையிலா, கார் ஷெட்டிலா?

வீட்டுக் கூரை உறுதியாக இருந்து, நிழல் விழாமல், வெயில் வரும் திசையைப் பார்த்தும் அமைந்திருந்தால் பேனலை அங்கேயே போடுங்கள். தயங்க வேண்டியதில்லை. அங்கே அஸ்திவாரமும் சுவரும் ஏற்கெனவே நிற்கின்றன. நீங்கள் வாங்குவது பேனல், சட்டம், இன்வெர்ட்டர், கம்பி மட்டும். கார் ஷெட்டிலோ ஒரு சிறு கட்டடத்தையே புதிதாக எழுப்புகிறீர்கள். பெரிய வாகன நிறுத்தங்களுக்கு இது சுமையாகத் தெரியாது. பிரான்ஸில் 2023ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திறந்தவெளி வாகன நிறுத்தங்களில் குறைந்தது பாதிப் பரப்பில் சோலார் நிழற்கூரை அமைக்கச் சொன்னது. அத்தகைய இடங்களில் ஒரே வரைபடம், ஒரே தூண் அளவு, ஒரே துளையிடும் எந்திரம் நூறு முறை பயன்படும். வீட்டில் எல்லாம் ஒரே ஒரு முறைதான்.

அப்படியானால் கார் ஷெட் எப்போது முந்துகிறது? கூரையை இன்னும் சில ஆண்டுகளில் பிரித்து மாற்ற வேண்டியிருந்தால். பக்கத்து மரமோ மாடியோ நண்பகல் வரை கூரையில் நிழல் போட்டால். கூரைத் தகட்டில் துளையிட்டு ஒழுகலுக்கு வழிசெய்ய மனம் வராவிட்டால். இன்னொரு சூழ்நிலையும் உண்டு. எப்படியும் காருக்கு ஒரு ஷெட் கட்டத்தான் போகிறீர்கள் என்றால் கணக்கே மாறிவிடுகிறது. அப்போது ஒப்பிட வேண்டியது 'கூரை சோலார்' ஒரு பக்கம், 'சோலார் ஷெட்' ஒரு பக்கம் என்றல்ல. சாதாரணத் தகடு ஷெட்டையும் கூரை சோலாரையும் கூட்டிய தொகையைச் சோலார் ஷெட்டின் தொகையோடு ஒப்பிட வேண்டும். பலர் இந்தக் கூட்டலைச் செய்யாமலே 'சோலார் ஷெட் விலை அதிகம்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

மின் உற்பத்தியில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி இல்லை. கூரையோடு ஒட்டிப் பதித்த பேனலுக்கு அடியில் வெப்பக் காற்று தேங்குகிறது. வெயில் உச்சத்தில் அதன் சிலிக்கன் பட்டைகள் 60 டிகிரியைத் தாண்டுவதுண்டு. பேனலின் அறிவிக்கப்பட்ட திறன் 25 டிகிரியில் அளக்கப்பட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். நாற்புறமும் திறந்த ஷெட்டில் பத்து டிகிரி குறைந்தாலே மூன்று, நான்கு சதவீதம் கையில் நிற்கும். ஆனால் ஷெட்டை அதிகம் சாய்க்க முடியாது. பெரும்பாலும் 5 முதல் 10 டிகிரிதான். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்களுக்கு அந்தச் சாய்வே போதும். வடக்கிலோ தெற்கிலோ வெகுதூரம் தள்ளி இருப்பவர்கள் தாழ்ந்த குளிர்காலச் சூரியனில் ஒரு பகுதியை இழப்பார்கள்.

சும்மா கிடக்கும் நிலம் இருக்கிறதா? அப்படியென்றால் தரையில் தாழ்வாகச் சட்டம் அடித்துப் பேனல் போடுவது இரண்டையும் விட எளிது. ஷெட், நிலம் போதாதவர்களுக்கானது.

தூக்கும் காற்று

இரண்டு கார் நிற்கும் ஷெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 430 வாட் பேனல் ஒன்று சுமார் 1.72 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம், 22 கிலோ எடை. வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசை வைத்தால் 15 பேனல், பரப்பு 29 சதுர மீட்டர், திறன் 6.45 கிலோவாட். பேனல்களின் எடை 330 கிலோ. இரும்புச் சட்டங்களையும் தூண்களையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு டன் வரும்.

மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு புயல் வீசுகிறது. அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ எடைக்குச் சமம். 29 சதுர மீட்டருக்கு அது மூன்று டன்னுக்கு நெருக்கம். கூரையின் சாய்வையும் சுற்றுச்சுவரையும் பொறுத்து இது கூடும், குறையும்; அளவு பிடிபடுவதற்காகச் சொல்கிறேன். காற்று அடியில் புகுந்தால், ஒரு டன் எடையுள்ள ஷெட்டை மூன்று டன் விசை மேலே தூக்கப் பார்க்கிறது. அடியில் கார்கள் நின்றால் காற்று வெளியேற வழி குறைந்து, தூக்கும் விசை இன்னும் கூடுகிறது.

இதைக் கீழே பிடித்து நிறுத்துவது கான்கிரீட். 60 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு மீட்டர் ஆழக் குழி என்றால் 0.36 கன மீட்டர். கான்கிரீட் கன மீட்டருக்கு 2,400 கிலோ என்பதால் ஒரு குழிக்கு 860 கிலோ. நான்கு குழிக்கு மூன்றரை டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஷெட்டின் எடையோடு சேர்ந்தால் அந்தப் புயலுக்கு ஈடுகொடுக்கும் அளவை ஓரளவு எட்டிவிடுகிறோம். தரை ஓட்டின் மேலேயே நான்கு போல்ட் அடித்துத் தூணை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கை அவர் முன் வைத்துப் பதில் கேளுங்கள். உங்கள் வட்டாரத்தின் காற்று வேகத்துக்கு அஸ்திவாரக் கணக்குப் போட்டு ஒரு கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட வேண்டும். அதற்காகும் கட்டணத்தை நான் ஒருபோதும் மிச்சம் பிடிக்க மாட்டேன்.

நான்கு தூண் ஷெட்டுக்கும் ஒருபக்கத் தூண் ஷெட்டுக்கும் இடையில் தேர்வு செய்யும்போதும் இதே கணக்குதான் வழிகாட்டும். ஒருபக்கத் தூண் வடிவம் கண்ணுக்கு இதமானது. கார்க் கதவைத் தாராளமாகத் திறக்கலாம், பின்னால் எடுக்கும்போது இடிக்கத் தூண் இல்லை. ஆனால் ஐந்து மீட்டர் நீளக் கூரையின் எடை முழுவதும் ஒரு பக்கமாகத் தொங்குகிறது. காற்றே இல்லாத நாளிலும் தூணின் அடியை வளைத்துக்கொண்டே இருக்கிறது. அதற்குக் கனமான தூணும் மிகப் பெரிய அஸ்திவாரமும் தேவை. இடநெருக்கடி இல்லாத வீட்டுக்கு நான்கு தூண்தான் என் பரிந்துரை. மிச்சமாகும் தொகையில் கார் திரும்பும் பக்கத் தூணுக்கு முன்னால் முழங்கால் உயரத்தில் ஒரு தடுப்புக் குழாய் நடுங்கள்.

இரும்பு, அலுமினியம், மரம்

இரும்பென்றால் துத்தநாகக் குளியல் கொடுத்த கால்வனைஸ்டு இரும்பு. 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான உருப்படிகளுக்குச் சராசரி 85 மைக்ரான் பூச்சு வேண்டும் என்பது ஐ.எஸ்.ஓ. 1461 தரநிலை. இங்கே கவனிக்க வேண்டியது வரிசை: வெட்டு, துளை, வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகே குளியல். கட்டுமிடத்தில் வெல்டிங் வைத்தால் அந்த வெப்பத்தில் துத்தநாகம் எரிந்துபோகும். மேலே வெள்ளிப் பெயின்ட் அடித்து மறைப்பார்கள். கட்டி ஓராண்டான ஷெட் ஒன்றைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் குனிந்து தூணின் அடித்தகட்டைப் பாருங்கள். தூணும் தகடும் சேரும் மூலையில் பென்சில் கோடு போலப் பழுப்பாக ஒரு வரி ஓடினால், வெல்டிங் குளியலுக்குப் பிறகு நடந்திருக்கிறது என்று ஐயப்படலாம். களத்தில் போல்ட் மட்டும் முடுக்கிப் பொருத்தும் வடிவத்தையே கேளுங்கள்.

அலுமினியம் இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. கடற்காற்றையும் நன்றாகத் தாங்கும். ஆனால் அதன் விறைப்பும் இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். அதே தொய்வுக்குள் நிறுத்த வேண்டுமானால் உத்தரத்தின் ஆழத்தைக் கூட்ட வேண்டும். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் நேராக உரசும் இடத்தில் அலுமினியம் அரிக்கும். இடையில் ரப்பர் வில்லை வைப்பது அவசியம். தூணும் உத்தரமும் இரும்பு, பேனலைப் பிடிக்கும் தண்டவாளம் மட்டும் அலுமினியம் என்ற கலப்பே எனக்குச் சரியாகப் படுகிறது. மரம் அழகு, ஆனால் தூணின் அடி மண்ணைத் தொடாமல் இரும்புச் செருப்பின் (அடித்தாங்கியின்) மேல் நிற்க வேண்டும், பராமரிப்பும் விடாமல் நடக்க வேண்டும்.

மழை எங்கே போகும்?

பேனல்களுக்கு நடுவே ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். அதை என்ன செய்வது என்பதற்கு மூன்று வழிகள். அப்படியே விட்டால் நிழல் மட்டும் கிடைக்கும், காரில் கோடு கோடாகத் தண்ணீர் விழும். அடியில் முழுத் தகடு போட்டால் சொட்டும் விழாது. ஆனால் காற்றோட்டம் குறைந்து, இருபுறமும் மின்சாரம் தயாரிக்கும் பேனலுக்குக் கீழிருந்து வரும் வெளிச்சமும் தடைபடும். மூன்றாவது வழி, இடைவெளிகளுக்கு நேர்கீழே ஓடும் வடிகால் பட்டைகளும் மேலே ரப்பர் அடைப்பும். நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். சிலிக்கோன் பசையால் இடைவெளியை மூடித் தருகிறோம் என்பவர்களை நம்ப வேண்டாம். பேனல் வெயிலில் விரிந்து இரவில் சுருங்குகிறது. பசை ஓரம் விடுவதற்கு அதிக காலம் ஆகாது.

ஒரு மழை ஓய்ந்து அரை மணி நேரம் கழித்து, ஏணியில் ஏறித் தாழ்ந்த ஓரத்துச் சட்டத்தைப் பாருங்கள். கண்ணாடியும் சட்டமும் சேரும் இடத்தில் விரல் அகலத்துக்குக் கலங்கல் தண்ணீர் தேங்கி நிற்கும். அது காய்ந்தால் மண் பட்டை. அந்தப் பட்டை கீழ் வரிசைச் சிலிக்கன் பட்டைகளை மறைத்து, தன் அளவுக்கு மீறி உற்பத்தியைக் குறைக்கும். 5 டிகிரிச் சாய்வில் இது மோசம், 10 டிகிரியில் குறைவு. கைக்கெட்டும் உயரத்தில் இருப்பதால் நீளக் கைப்பிடித் துடைப்பானால் கழுவிவிடலாம். கூரைப் பேனலுக்கு இந்த வசதி கிடையாது.

பேனலும் இன்வெர்ட்டரும்

தலைக்கு மேலே இருப்பதால் இருபுறமும் கண்ணாடி உள்ள பேனலை விரும்புகிறேன். பின்பக்கத்தில் ஈரம் புகுவதும் அதில் குறைவு. இரண்டு பக்கமும் மின்சாரம் தயாரிக்கும் என்ற விளம்பரத்தை மட்டும் பாதியளவே நம்புங்கள். கீழே வெளிர்நிறக் கான்கிரீட்டும் வெற்றிடமும் இருந்தால் கொஞ்சம் கூடுதல் கிடைக்கும். தார்த் தரையும் கருநிறக் காரும் நின்றால் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது.

பேனல்களைத் தொடராக இணைத்து எல்லாவற்றுக்கும் ஒன்றாக வைக்கும் ஸ்ட்ரிங் இன்வெர்ட்டரா, பேனலுக்கொன்றாக மைக்ரோ இன்வெர்ட்டரா என்பதில் கார் ஷெட் வழக்கமான தீர்ப்பை மாற்றிவிடுகிறது. கூரையில் மைக்ரோவுக்கு எதிராகச் சொல்லப்படும் முதல் குறை, பழுதானால் மேலே ஏறிப் பேனலைக் கழற்ற வேண்டும் என்பது. ஷெட்டில் அது தலைக்கு மேலே, ஏணிக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. பாதுகாப்பிலும் வேறுபாடு உண்டு. 15 பேனலைத் தொடராக இணைத்தால் நேர்மின் அழுத்தம் 550 வோல்ட்டைத் தாண்டக்கூடும். அது குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு மேலே, கைநீட்டும் தூரத்தில். மைக்ரோவில் அந்த உயர் நேர்மின் அழுத்தமே இல்லை. வீட்டுச் சுவரின் நிழல் மாலையில் ஒரு வரிசையில் விழுந்தாலும் மற்ற பேனல்கள் தம் வேலையைச் செய்யும். நிழலே விழாத ஷெட்டுக்கு ஸ்ட்ரிங் இன்வெர்ட்டர் போதும், செலவும் குறைவு. ஆனால் கம்பிகள் அனைத்தும் மூடிய உலோகக் குழாய்க்குள் போக வேண்டும். சட்டங்கள் எல்லாவற்றுக்கும் எர்த் இணைப்பு, எந்த வகைக்கும் கட்டாயம்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு

பேனலுக்கு அடியில் கார் நிற்பதால் கார் சூரியனில் ஓடும் என்று தோன்றும். நல்ல வெயில் உள்ள இடத்தில் 6.45 கிலோவாட் ஷெட் நாளுக்கு 25 யூனிட் தரலாம். 40 கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் காருக்குத் தேவை ஆறு, ஏழு யூனிட்தான். அளவு தாராளம், பொருந்தாதது நேரம். வெயில் அடிக்கும்போது கார் அலுவலக வாசலில் நிற்கிறது. பகலில் வீட்டில் கார் இருக்கும் குடும்பத்துக்குச் சூரிய உற்பத்தியைப் பின்தொடரும் சார்ஜர் நல்ல முதலீடு. அதுவும் 6 ஆம்பியருக்குக் கீழே இறங்காது, அதாவது 230 வோல்ட்டில் சுமார் 1.4 கிலோவாட். மேகம் மூடினால் நிற்கும், விலகினால் தொடங்கும். மாலையில் மட்டும் கார் வீட்டுக்கு வருபவர்கள் அந்தச் சார்ஜரை வாங்காமல், பகல் மின்சாரத்தை மின்வாரியத்துக்குக் கொடுத்து இரவில் திரும்பப் பெறும் விதிமுறை தம் ஊரில் எப்படி என்று முதலில் கேட்டறியட்டும்.

இன்று மின்சாரக் கார் இல்லாவிட்டாலும், குழி தோண்டியிருக்கும் நாளிலேயே ஷெட்டிலிருந்து மின்பலகை வரை இரண்டு குழாய்களைப் புதைத்துவிடுங்கள்: ஒன்று இன்வெர்ட்டருக்கு, மற்றொன்று பின்னாளில் வரும் சார்ஜருக்கு. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் குழாய்களின் வாயைத் துணி வைத்து இறுக்கக் கட்டுங்கள். ஒரு கரண்டிக் கலவை உள்ளே போய் இறுகிவிட்டால், பிறகு அந்த வழியாகக் கம்பி இழுக்க முடியாது.