பாமாமா, பாலிகிளிசராலா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ஆய்வகத்தில் பத்து மாதம் பாமாம் (PAMAM) என்ற டென்ட்ரிமரோடு மல்லுக்கட்டிவிட்டு ஹைப்பர்பிராஞ்ச்டு பாலிகிளிசராலுக்கு மாறியவன் நான், அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். இரண்டுமே கிளைவிட்டுப் பரவும் மூலக்கூறுகள்; டென்ட்ரிமரில் கிளைகள் அடுக்கடுக்காக ஒழுங்காக வளரும், ஹைப்பர்பிராஞ்ச்டில் ஒழுங்கின்றி. மருந்தை உள்ளே பொதிந்தோ நுனியில் கட்டியோ உடலுக்குள் அனுப்பலாம்.

பாமாமின் அழகு அதன் கணக்கு. தலைமுறை என்பது கிளை அடுக்கின் எண்; நான்காம் தலைமுறை என்றால் நுனியில் 64 அமீன் (நைட்ரஜன் உள்ள தொகுதி), மூலக்கூறு எடை சுமார் 14,215. 1985-ல் டொமாலியா குழு வெளியிட்ட நாளிலிருந்து எல்லோரும் மயங்குவது இதில்தான், நானும் மயங்கினேன்.

ஆனால் சுத்தம் செய்வது இருக்கிறதே! நான்காம் தலைமுறைக்குப் பத்துப் படி: மெத்தில் அக்ரிலேட், அப்புறம் எத்திலீன்டைஅமீன், திரும்பவும் மெத்தில் அக்ரிலேட். எத்திலீன்டைஅமீனைத் தாராளமாகக் கொட்டாவிட்டால் அதன் ஒரே மூலக்கூறு இரண்டு கிளைகளைப் பிணைத்துவிடும். கொட்டியதை மிச்சமில்லாமல் வெளியேற்றவும் வேண்டும், ஏனென்றால் தங்கிவிட்ட அமீன் அடுத்த சுற்றில் தானே ஒரு மையமாகிக் குட்டி டென்ட்ரிமர்களை வளர்க்கத் தொடங்கும். டொலுயீனும் மெத்தனாலும் ஊற்றி வெற்றிடத்தில் இழுத்துக்கொண்டே இருப்பேன், பாதியில் லோட் ஷெட்டிங் (மின்வெட்டு), பம்பு நின்றுவிடும். மூன்றாம் தலைமுறையின் மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் (மூலக்கூறு எடைகளைக் காட்டும் வரைபடம்) குட்டிகள் வரிசையாகத் தெரிந்த அன்று, டர்பனின் சேட்ஸ்வொர்த் பகுதியில் ஆயாவிடம் புலம்பினேன். "பாத்திரத்த நல்லா கழுவலயா?" என்றார். அதேதான் ஆயா.

பாலிகிளிசராலுக்கு ஒரே பாத்திரம். 95 டிகிரிச் சூட்டில் கிளிசிடால் என்ற மூலப்பொருளைப் பன்னிரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விட்டு, மெத்தனாலில் கரைத்து, அசிட்டோனில் இரண்டு முறை வீழ்படிவாக்கினால் பெரும்பாலும் முடிந்தது. டர்பனின் ஈரக்காற்றுதான் எதிரி; உள்ளே புகுந்த தண்ணீரும் தன் பங்குக்குப் புதுச் சங்கிலி தொடங்கிவிடும். ஆனால் அந்தக் காவல் ஒரே ஒரு முறை, பத்து முறை அல்ல. மூலக்கூறுகள் எல்லாம் ஒரே அளவில் வராது, துல்லியமான எண்ணிக்கையும் கிடையாது. அது நிஜமான இழப்புதான்.

நச்சுத்தன்மை தெரிந்த கதை: பாமாமின் நேர்மின் அமீன்கள் செல் சவ்வைக் குத்தும், அவற்றை அசிட்டைல் தொகுதி போட்டு மூடினால் குறையும், பாலிகிளிசராலின் ஹைட்ராக்சில் (OH) தொகுதிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. நான் பார்த்தது தட்டில் வளர்த்த செல்களில் மட்டும், விலங்குச் சோதனை செய்ததில்லை.

டிஎன்ஏ சுமக்க வேண்டுமென்றால் மட்டும் பாமாமுக்கே போங்கள், எதிர்மின்சுமை கொண்ட டிஎன்ஏவுக்கு அந்த நேர்மின்சுமைதான் பிடிமானம். என் எத்திலீன்டைஅமீன் பாட்டிலும் அந்த வேலை செய்யும் தோழியின் மேசைக்குப் போய்விட்டது.