கம்பளி பின்னுகிறவர் க்வில்டிங் தொடங்கலாமா? டெல்டாவிலிருந்து ஒரு நெடுநாள் அனுபவம்

பின்னல் ஊசி பிடித்துப் பழகிய கைக்கு ஒரு கட்டத்தில் க்வில்டிங் மேல் ஆசை வந்தே தீரும். துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வை ஒன்றைப் பார்த்தால் போதும், அந்த நிறங்கள் மனதை விட்டுப் போகாது. எனக்கும் அப்படித்தான் வந்தது. மயிலாடுதுறையில் சில வருடங்களாக இரண்டையும் செய்துவருகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாகத் தொடங்குங்கள், ஆனால் கைத்தையலில் தொடங்குங்கள். மெஷின், கருவிகள் எல்லாம் அப்புறம்.

பின்னல் நமக்குப் பிடிப்பதற்கு முக்கியக் காரணம், அது கூடவே வரும். தஞ்சாவூர் பாசஞ்சரில் உட்கார்ந்து பின்னலாம், திண்ணையில் பேசிக்கொண்டே பின்னலாம். மெஷின் க்வில்டிங் அப்படி இல்லை. மேஜை, இஸ்திரிப் பெட்டி, வெட்டுவதற்கு விரிந்த இடம், மின்சாரம் எல்லாம் வேண்டும். பின்னுகிற சுகத்தை எதிர்பார்த்துப் போகிறவருக்கு அது வேறு வேலையாகத்தான் தெரியும். கையால் இணைக்கும் அறுகோணத் துண்டுகளோ ஒரு சின்னப் பையில் அடங்கிவிடும்.

இன்னொரு பயம் வெட்டுவதில் வருவது. கண்ணி தவறினால் பிரித்துவிட்டு அதே நூலில் மறுபடி பின்னலாம். வெட்டிய துணியை ஒட்டவைக்க முடியாது. அட்டை வைத்துத் தைக்கும் முறையில் இந்தப் பயம் பெரிதும் குறைகிறது. அளவைத் துணி தீர்மானிப்பதில்லை, அட்டைதான் தீர்மானிக்கிறது. அட்டையை அறுகோணமாக வெட்டி, சுற்றிலும் கால் அங்குலம் கூடுதலாகத் துணி விட்டு, விளிம்பை மடித்துத் தைத்துவிட வேண்டும். பிறகு இரண்டு துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து நெருக்கமாகத் தைக்க வேண்டும். ஒரு துண்டின் எல்லாப் பக்கங்களும் இணைந்த பிறகு அதன் அட்டையை உருவி மறுபடி பயன்படுத்தலாம்.

அட்டைக்குக் கல்யாணப் பத்திரிகையை விடச் சிறந்தது எதையும் நான் பார்க்கவில்லை. நம் வீடுகளில் அது சேர்ந்துகொண்டேதான் இருக்கும். மஞ்சள் தடவிய மூலையை மட்டும் வெட்டி எறிந்துவிடுங்கள், வெள்ளைத் துணியில் கறை ஏறிவிடும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். பக்கம் 1 அங்குலம் உள்ள அறுகோணத்தில் ஒரு கஜச் சதுர விரிப்புக்குச் சுமார் 500 துண்டுகள் வேண்டும். பக்கம் 2 அங்குலம் என்றால் 125 போதும். முதல் விரிப்புக்கு 2 அங்குலமே எடுங்கள்.

துணிக்கு அலைய வேண்டாம். ரவிக்கை தைக்கும் அக்காவிடம், "வெட்டுத்துணி இருந்தா எடுத்து வைங்கக்கா" என்று சொல்லி வைத்தால் போதும். டூ பை டூ துணி மெல்லியதாக, நெருக்கமான நெசவாக இருப்பதால் விளிம்பு அழகாக மடியும். அடித்துணிக்குப் பாப்ளின் சரி. எல்லாவற்றையும் முதலில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். சிவப்பும் கருநீலமும் சாயம் விடுகிறதா என்று ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். கூறைநாட்டுப் புடவையின் கட்டங்கள் யாரையும் ஆசைப்பட வைக்கும். ஆனால் அது பட்டும் பருத்தியும் கலந்த துணி, பிசிறும். அடிக்கடி துவைக்கிற விரிப்பில் சேர்க்காதீர்கள். நிறச் சேர்க்கை கற்க வேண்டுமென்றால் நம் ஊர்த் தேர்களில் தொங்கும் தொம்பையை நின்று பாருங்கள். துணியை வெட்டி துணிமேல் வைத்துத் தைக்கிற கலை இங்கே எத்தனை துணிச்சலான நிறங்களோடு இருக்கிறது!

நடு அடுக்குதான் டெல்டாவில் பெரிய கேள்வி. மேல்துணி, நடுவே பஞ்சு அடுக்கு, அடித்துணி என்று மூன்றும் சேர்ந்ததுதான் வழக்கமான க்வில்ட். தடித்த பஞ்சு அடுக்கு நம் புழுக்கத்துக்கு ஒத்துவரவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் துவைத்தால் உள்ளே ஈரம் தங்கி வாடை அடிக்கும். பாலியெஸ்டர் அடுக்கு சீக்கிரம் காயும், ஆனால் படுத்தால் முதுகு வேர்க்கும். நான் நிலையாக வைத்துக்கொண்டது பழைய எட்டு முழ வேட்டி. மடித்து நடுவில் வைத்து ஓட்டுத்தையல் போட்டால் மெத்தென்று இருக்கும், ஒரே வெயிலில் காய்ந்துவிடும். வங்காளத்துக் காந்தா பழைய புடவையையும் வேட்டியையும் அடுக்கித் தைத்துத்தான் பிறந்தது. அதனால் பஞ்சு இல்லாதது குறை என்று நினைக்க வேண்டாம்.

கருவிகளில் உருளைக் கத்தியை, அதாவது சக்கரம் போல உருட்டித் துணி வெட்டும் கத்தியை, ஈரக்காற்று படாத டப்பாவில் வைக்காவிட்டால் துருப்பிடிக்கும். வெட்டும்போது துணிக்கு அடியில் போடும் விரிப்பை (கட்டிங் மேட்) வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தால் வளைந்துவிடும். நல்ல கத்தரிக்கோல், குட்டையான ஊசி, பருத்தி நூல் இவைதான் தினமும் கையில் எடுப்பவை. வீட்டில் பழைய மிதி மெஷின் இருந்தால் நேர்த்தையலுக்கு அது போதும், ஓரம் அடிக்க நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

பின்னலை விட்டுவிடுவேனோ என்ற கவலையும் வேண்டாம். இரண்டும் பருவத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. சித்திரை, வைகாசியில் கம்பளி விரலில் ஒட்டும். பருத்தி நூலில் இழுவை இல்லாததால் கணு வலிக்கும். அப்போது சின்னத் துணித் துண்டுகள் கைக்கு இதம். முழு விரிப்பையும் மடியில் போட்டுத் தைக்கும் கடைசி வேலையை மட்டும் மார்கழிக்குத் தள்ளிவிடுங்கள், அதற்கு முன் உட்காரவே முடியாது. குழந்தைக்குக் கொடுக்கும் பரிசிலும் எனக்கு இப்போது தெளிவு வந்துவிட்டது. ஸ்வெட்டரை இங்கே மார்கழி, தை தவிர யாரும் போடுவதில்லை. தொட்டில் விரிப்பைக் குழந்தை தவழும் வரை தினமும் விரிக்கிறார்கள். குல்லா மட்டும் இன்னும் பின்னித்தான் கொடுக்கிறேன்.